வாயிற்படிக்கு அப்பால் யார் பொறுப்பு?

ஒரு தொடர்வண்டி நிலையம் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது? தொடர்வண்டித் துறையைக் கேட்டால் அது தன் மதிற்சுவரைக் காட்டும். மாநகராட்சியைக் கேட்டால் அதே மதிற்சுவரின் மறுபக்கத்தைக் காட்டும். வண்டியினின்று இறங்கி வேலைக்கோ வீட்டுக்கோ விரையும் மாந்தனுக்கு அச்சுவர் ஒரு பொருட்டன்று. வண்டிப் படியினின்று எடுத்த காலை அடுத்த பேருந்தின் படியிலோ தன் வீட்டுத் தெருவிலோ அச்சமின்றி ஊன்றும் வரையுள்ள இடம் முழுவதும் அவனுக்கு நிலையமே ஆகும். மக்கள் நெருங்கி வாழும் நகரங்களில் அவர்கள் இடிபடுவதும் நசுங்குவதும் சில வேளை உயிரிழப்பதும் அந்த இடைவெளியில்தான். அவ்விடைவெளியை ஆள்வோர் பலர் உளர். அதற்குப் பொறுப்பேற்பார் ஒருவரும் இலர்.

சென்னை மாம்பலத்தை எடுத்துக்கொள்க. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டு. அதற்கு முந்திய பத்தாண்டில்தான், நிலையத்தின் கிழக்கே, மயிலாப்பூர் நெடிய ஏரியைத் தூர்த்தெடுத்த நிலத்தில் தியாகராய நகர் எழத் தொடங்கிற்று. வெள்ளுடை வேந்தர் தியாகராயரின் பெயர் தாங்கிய அந்நகர் கண்டபடி வளர்ந்த பேட்டை அன்று. 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்துக்குப் பின் வரைபடம் இட்டு அமைக்கப்பெற்றது. நடுவே பனகல் அரசர் பெயரால் ஒரு பூங்கா. அதனைச் சூழச் சாலைகள். அவற்றுள் பலவற்றுக்கு நீதிக்கட்சித் தலைவர்களின் பெயர்கள். வரைந்தவர்கள் பூங்காவுக்கு இடம் விட்டனர். மரங்களுக்கு இடம் விட்டனர். நிலையத்தினின்று வெளிப்படும் மக்களுக்கு ஒரு சிறு தெருவை விட்டனர். அன்று அது குறையாகத் தோன்றியிராது. வீடுகள் நிறைந்த அரங்கநாதன் தெருவில் காலையும் மாலையும் அலுவலர் சிலர் நடப்பர், அவ்வளவே.

பின்னர் வண்டிகள் பெருகின. வண்டிகள் கொணர்ந்த மக்களைத் தேடி வணிகம் வந்தது. வீடுகள் கடைகளாயின, துணிக்கடையும் ஏனக்கடையும் நகைக்கடையும் மாடிமேல் மாடியாக உயர்ந்தன. தெருவின் அகலமோ வீடுகள் இருந்த நாளின் அகலமே. மேலே கட்டிய ஒவ்வொரு தளமும் கீழே நடக்கும் கூட்டத்தை மிகுவித்தது என்பதை ஒப்புதல் வழங்கிய எவரும் கணக்கிட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒப்புதல் இன்றிக் கட்டியவர்கள் கணக்கிட வேண்டிய தேவையும் இல்லை! 2008ஆம் ஆண்டு அத்தெருக் கடையொன்றில் தீப்பற்றிப் பணியாளர் இருவர் மாண்டனர். 2011 அக்டோபர் இறுதியில், விதிகளை மீறி எழுப்பப்பட்ட கட்டடங்கள் பல பூட்டி முத்திரையிடப்பட்டன. 2012 சனவரியில், பொங்கல் வணிகத்தை முன்னிட்டு, உச்ச நீதிமன்ற ஆணையால் அவை மீண்டும் திறக்கப்பட்டன. மாடிகளைப் பற்றிய வழக்கு தில்லி வரை சென்றது. மாடிகளுக்குக் கீழே கிடக்கும் தெருவுக்காக வழக்காட ஆளில்லை.

2023 மே மாதத்தில் மாம்பலம் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் நடைமேம்பாலம் திறக்கப்பெற்றது. நீளம் 570 மீட்டர், அகலம் 4.2 மீட்டர், செலவு 28 கோடி உருபாவுக்கு மேல். மின்தூக்கியும் நகரும் படிக்கட்டும் உண்டு. நல்ல பணிதான். மூட்டையும் குழந்தையுமாக வரும் தாய்மாருக்கு அது பெருந்துணை. ஆயினும் அப்பாலத்தின் பொருள் என்ன? தரையில் சில மணித்துளியில் நடந்து கடக்கத்தக்க தொலைவை, ஏறி இறங்கிக் கடக்க வேண்டிய நிலைக்கு ஒரு பேட்டையைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டோர், அதற்கு விலையாக 28 கோடி கொடுத்திருக்கின்றனர் என்பதே. தரை வண்டிகளுக்கும் கடைகளுக்கும், நடப்பவனுக்கு வானம்! இதுவும் கிழக்குப் பக்கத்தின் கதையே. தண்டவாளத்தின் மேற்கே, பழைய மாம்பலத்து மக்கள் நகருக்குள் வருதற்குத் துரைசாமி சுரங்கப் பாதையும் அரங்கநாதன் சுரங்கப் பாதையுமே பெருவழிகள். பெருமழை பெய்தால் அவை குளங்களாகும்; ஊர் இரண்டாகப் பிளக்கும்.

நிலையத் தெருவைப் பிற தெருக்களைப் போல் அளக்கக் கூடாது. மற்றத் தெருவில் கூட்டம் ஆற்று நீர்போல் ஒரு சீராக வரும். நிலையத் தெருவில் அது மதகு திறந்தாற்போல் வரும். ஒரு வண்டி நிற்கும் நேரம் அரை மணித்துளியோ ஒரு மணித்துளியோ. அதற்குள் இறங்குவோர் அனைவரும் இறங்கியாக வேண்டும். பன்னிரண்டு பெட்டி வண்டி ஒன்றிலிருந்து ஆயிரத்தைந்நூறு பேர் இறங்குவதாகக் கொள்க. நெருக்கமான கூட்டத்தில், ஒரு மீட்டர் அகலமுள்ள படிக்கட்டில் ஒரு மணித்துளிக்கு ஏறத்தாழ ஐம்பது அறுபது பேரே செல்ல இயலும். படிக்கட்டு மூன்று மீட்டர் அகலமாயின், மணித்துளிக்கு நூற்றறுபது நூற்றெழுபது பேர். ஆயிரத்தைந்நூறு பேரும் வெளியேற ஒன்பது மணித்துளி வேண்டும். அடுத்த வண்டி ஐந்து மணித்துளியில் வந்துவிட்டால்? முதற் கூட்டம் படியில் நிற்கும்போதே இரண்டாங் கூட்டம் நடைமேடையில் இறங்கிவிடும். எதிர்த்திசையில் ஏறி வருவோரும் அதே படியில்தான் வருவர். மழை பெய்தால் வெளியே செல்ல வேண்டியவர்கள் படியடியிலேயே ஒதுங்கி நிற்பர். இது பள்ளி மாணவன் போடும் வகுத்தற் கணக்கு. ஆயினும் நடைமேடை எத்தனை பெட்டிக்கு வேண்டும் என்று கணக்கிடும் துறை, படிக்கு வெளியே தெரு எத்தனை பேருக்கு வேண்டும் என்று கணக்கிடுவதில்லை. அது தன் வேலை அன்று என்று எண்ணுகின்றது.

இக்கணக்கைப் போடாமையின் விலையை மும்பை நகரம் 2017 செப்தம்பர் 29ஆம் நாள் கொடுத்தது. எல்பின்சுடன் சாலை நிலையத்தையும் பரேல் நிலையத்தையும் இணைக்கும் குறுகிய நடைபாலத்தின் படிகளில், காலை வேளையில், மழைக்கு ஒதுங்கி நின்றவர்களும் வண்டியினின்று இறங்கி வந்தவர்களும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து 23 பேர் இறந்தனர். தண்டவாளம் பெயரவில்லை, வண்டி கவிழவில்லை, தீயும் பற்றவில்லை. வீட்டுக்கும் வேலைக்கும் இடையே படியிறங்கியவர்கள் படியிலேயே மாண்டனர். அவ்வட்டாரம் ஒருகாலத்தில் பஞ்சாலைகளின் வட்டாரம். ஆலைகள் மூடப்பட்டன, ஆலை நிலத்தில் அலுவலகக் கோபுரங்கள் எழுந்தன, ஆலைத் தொழிலாளி அண்மையிலேயே குடியிருந்தான், அலுவலகப் பணியாளனோ தொலைவிலிருந்து வண்டியேறி வருகின்றான். நிலத்தின் பயன் முற்றும் மாறிய பின்னும் பாலத்தின் அகலம் மாறவில்லை. கோபுரத்துக்கு ஒப்புதல் தந்தது ஓர் அலுவலகம். பாலம் மற்றோர் அலுவலகத்துக்கு உரியது. புதிய பாலத்துக்கு முன்னரே ஒப்புதல் கிடைத்திருந்தும் அது தாளிலேயே கிடந்தது. இறப்புக்குப் பின்னர்ப் படைத்துறையை அழைத்தனர். 2018 பிப்பிரவரியில் புதிய பாலம் முடிந்துவிட்டது. சில திங்களில் செய்யக்கூடிய வேலைக்கு 23 உயிர்கள் முன்பணமாக வேண்டியிருந்தன!

மாம்பலத்துக்கும் எல்பின்சுடன் சாலைக்கும் பொதுவாக உள்ளது அந்த மதிற்சுவர்தான். சுவருக்கு உள்ளே உள்ள நிலம் நடுவணரசின் தொடர்வண்டித் துறைக்கு உரியது. 1989ஆம் ஆண்டின் தொடர்வண்டிச் சட்டம், தன் 11ஆம் பிரிவில், வேறு எச்சட்டம் என்ன கூறினும் தொடர்வண்டிப் பணிகளைத் தானே செய்துகொள்ளும் உரிமையை அத்துறைக்கு வழங்குகின்றது. சுவருக்கு வெளியே 1971ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு நகர் ஊரமைப்புச் சட்டம் நடக்கும். கட்டடத்துக்குப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், தெருவுக்கு மாநகராட்சி, சில சாலைகளுக்கு நெடுஞ்சாலைத் துறை, பேருந்துக்குப் போக்குவரத்துக் கழகம், வண்டிகளை ஒழுங்குசெய்யக் காவல்துறை. சென்னை மக்கள் நாள்தோறும் மிதிக்கும் நிலத்தில் ஒரு படிக்கட்டை ஒரு முழம் அகலப்படுத்தவும் தில்லியின் ஒப்புதலை எதிர்நோக்க வேண்டும் என்பது, மாநிலத்தின் கையைக் கட்டிப்போட்டு அதனை ஓடச் சொல்லும் ஏற்பாடு. ஒரு நகரின் நிலத்தைத் திட்டமிடும் உரிமை அந்நகரில் வாழ்வார்க்கு நெருக்கமான அரசிடம் இருத்தலே முறை.

இதனைக் கூறும்போதே, மாநில அரசு தன் கைக்கு எட்டிய இடத்தில் என்ன செய்தது என்பதையும் கூறியாக வேண்டும். குற்றமனைத்தையும் தில்லியின் தலையில் ஏற்றிவிட்டு உறங்குதல் நேர்மையன்று. கோயம்பேட்டுப் புறநகர்ப் பேருந்து நிலையம் 2002ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. தமிழகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் மக்கள் வந்திறங்கும் அந்நிலையத்துக்குத் தொடர்வண்டி இணைப்பு இல்லை. 2015இல் மாநகர விரைவுத் தொடர்வண்டி வரும்வரை, பதின்மூன்று ஆண்டுகள், இரவு நேரத்தில் இறங்கிய ஊர்ப்புறத்து மக்கள் மூவுருளி வண்டிக்காரர் கேட்ட தொகையைக் கொடுத்தனர். அப்பட்டறிவுக்குப் பின்னரும் என் நடந்தது? 2023 திசம்பர் 30ஆம் நாள் கிளாம்பாக்கத்தில் 88 ஏக்கரில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பெற்றது. 2024 சனவரியில் தென்மாவட்டப் பேருந்துகள் அங்கு மாற்றப்பெற்றன. நெடுஞ்சாலைக்கு எதிர்ப்புறத்தில், கண்ணுக்கு எட்டிய தொலைவில், செங்கற்பட்டுத் தொடர்வண்டித் தடம் ஓடுகின்றது. வண்டலூர் நிலையம் ஒருபுறம்; ஊரப்பாக்கம் நிலையம் மறுபுறம்; பேருந்து முனையம் திறந்தபோது அதற்கு எதிரே நிலையம் இல்லை! நிலையமும், சாலைக்கு மேலே செல்லும் நடைமேம்பாலமும் முனையம் திறந்த பின்னரே கட்டத் தொடங்கப்பெற்றன. தொடர்வண்டித் துறை நிலையத்துக்குரிய பணத்தை மாநிலத்திடம் கேட்டது, மாநிலமும் கொடுத்தது. கொடுக்கத்தான் போகின்றோம் என்றால் முன்னரே கொடுத்துப் பேருந்து முனையமும் தொடர்வண்டி நிலையமும் ஒரே நாளில் திறக்கச் செய்திருக்கலாகாதா? வீட்டைக் கட்டிக் குடிபுகுந்த பின் வாயிலை எங்கே வைப்பது என்று சூழ்ந்தாராய்வது போன்றதன்றோ இஃது!

பறக்கும் தொடர்வண்டியின் கதை இதனினும் வருந்தத்தக்கது. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995. திருமயிலை வரை 1997. திருவான்மியூர் வரை 2004. வேளச்சேரி வரை 2007. பக்கிங்காம் கால்வாயின் நீர்வழியிலேயே தூண்களை நட்டு, ஒருகாலத்தில் ஓடங்கள் சென்ற கால்வாயைச் சாக்கடையாக்கி எழுப்பப்பெற்றது இத்தடம். இரண்டாங் கட்டச் செலவில் மூன்றில் இருபங்கினை மாநிலமே ஏற்றது. நிலையங்கள் சிறியவை அல்ல; மாளிகை போன்ற பெருங் கட்டடங்கள். மேலே வண்டியும் கீழே வணிகமும் என்பது எண்ணம். வணிகம் வரவில்லை, பல தளங்கள் நெடுங்காலம் வெறுமையாகவும் இருளாகவும் கிடந்தன. மாலைக்குப் பின் பெண்கள் தனியே ஏறி இறங்க அஞ்சினர். ஏன்? நிலையத்தைக் கட்டியவர்கள் நிலையத்துக்கு வரும் வழியைக் கட்டவில்லை. பெருஞ்சாலையிலிருந்து கால்வாய்க் கரைச் சந்துகளின் வழியாக வழி கேட்டுக் கேட்டு வரவேண்டிய நிலையங்கள் சில. வேளச்சேரி நிலையத்துக்கும் அவ்வூரின் விசயநகர்ப் பேருந்து நிலையத்துக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு கிலோமீட்டர் அளவு. வேளச்சேரியையும் பரங்கிமலையையும் இணைக்கும் ஐந்து கிலோமீட்டர்த் தடமோ, ஆதம்பாக்கத்தில் அரைக் கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்கில் சிக்கிப் பதினைந்து ஆண்டுக்கு மேல் இழுத்தடிக்கப்பட்டது.

(அத்தடத்தில் பாராட்டத்தக்க ஒன்றும் உண்டு. 'கலங்கரை விளக்கம்', 'பசுமைவழிச் சாலை' என நிலையங்களுக்கு நல்ல தமிழ்ப் பெயர்கள் அமைந்தன. மக்களும் தடையின்றி வழங்குகின்றனர். 'நடைமேடை' என்னும் சொல்லும் இவ்வாறே நிலைபெற்றது. அச்சொல்லை அறிவிப்பாளர் முதல் சுமைதூக்குவோர் வரை யாவரும் சொல்கின்றனர். தமிழ்ச் சொல் மக்களுக்கு விளங்காது என்போர் ஒருநாள் எழும்பூர் நிலையத்தில் நின்று கேட்பாராக.)

பெருங்கூட்டத்துக்கு நகரமைத்தல் தமிழர்க்குப் புதியதன்று. பண்டைத் தமிழ் நகரில் கூட்டத்தைத் திரட்டியது கோயிலும் துறைமுகமும் அங்காடியும். சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரில், மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடைப்பட்ட சோலைவெளியில் நாளங்காடி அமைந்திருந்தது. இரு பகுதி மக்களும் கடந்து செல்லும் இடம் எதுவோ அதுவே வணிகத்துக்கு உரிய இடம் என்பதை உணர்ந்து, அதற்கெனத் தனிவெளியை விட்டிருந்தனர். கண்ணெதிரே நிற்கும் சான்று மதுரை. கோயிலைச் சூழ ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என ஒன்றையொன்று சூழ்ந்து வீதிகள். நடுவில் திரளும் கூட்டம் நாற்புறமும் பிரிந்து அடுத்தடுத்த வீதிகளில் பரவி அடங்குதற்கு ஏற்ற அமைப்பு அது. சித்திரைத் திருவிழாவில் தேர் ஓடுவது மாசி வீதிகளில். தேரோடும் வீதிக்கு ஒரு முறை உண்டு: அவ்வீதியில் செல்ல வேண்டியவற்றுள் மிகப் பெரியது எதுவோ அதுவே வீதியின் அகலத்தை முடிவு செய்யும். தேர் திரும்பும் மூலையில் திண்ணையை நீட்டிக் கட்ட எவனும் துணியான். இன்றைய நிலையத் தெருவில் செல்ல வேண்டியவற்றுள் மிகப் பெரியது மக்கட் கூட்டம். அதனை அளவாகக் கொண்டு வீதியை அமைத்தவர் யார்?

பழம்பெருமை பேசி அமைதற்கு இதனைக் கூறவில்லை. அதே மதுரையில் தொடர்வண்டி நிலையம் இருப்பது மேல வெளி வீதியில். பிளாக்பர்ன் என்னும் ஆங்கிலத் தண்டலர் காலத்தில், 1840களில், கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து அமைத்தவையே வெளி வீதிகள். அயலானும் ஒரு நல்ல வேலை செய்தான் என்று ஒப்புக்கொள்வதில் தவறில்லை. கோட்டையை இடித்தபின் கிடைத்த அகன்ற வெளிதான் பின்னாளில் வந்த நிலையத்துக்கும் பெரியார் பேருந்து நிலையத்துக்கும் இடம் தந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே செல்லலாம். அந்தக் குறுகிய நடைவழியையேனும் வண்டிகளுக்கும் கடைப்பரப்புக்கும் இரையாகாமல் காக்க வேண்டியது இன்றைய தமிழரின் கடன்.

சப்பான் நாட்டில் ஒசாகா நகரத்துத் தொடர்வண்டி நிறுவனம் ஒன்றை நடத்திய கோபயாசி இச்சிசோ என்பார், 1910இல் வயல்வெளிகளினூடே தடம் அமைத்தபோது, தடத்தின் ஓரத்திலேயே நிலம் வாங்கி வீடு கட்டி, மாதத் தவணைக்கு விற்றார். 1929இல், தடம் முடியும் உமேதா நிலையத்திலேயே பெருங்கடை ஒன்றைத் திறந்தார். வண்டியும் வீடும் கடையும் ஒரு கையில் இருந்தமையால், எங்கு எத்தனை பேர் இறங்குவர், எவ்வழியே நடப்பர் என்பதை அந்நிறுவனம் அறிந்திருந்தது. அறியாவிடின் அதற்கே இழப்பு. பிற்காலத்தில் ஆங்காங்கு நகரமும் இவ்வழியே சென்று நிலையத்தின் மேலே குடியிருப்புகளை எழுப்பிற்று. அங்கும் நெருக்கம் இல்லாமல் இல்லை. ஆளை வண்டிக்குள் தள்ளுதற்கென்றே ஆள் அமர்த்திய நாடு சப்பான். ஆதாயம் ஒன்றே நோக்காகக் கொண்ட நிறுவனத்தின் கையில் ஒரு நகரத்தை ஒப்படைக்க வேண்டும் என்பதும் இங்குக் கருத்தன்று. நிலையத்தையும் அதன் சூழலையும் ஒரே தாளில் வரைந்தார்கள் என்பதையே கொள்ள வேண்டும். இந்தியத் தொடர்வண்டித் துறை இதில் பாதியை மட்டும் கற்றுக்கொண்டுள்ளது: தன் நிலத்தில் உயர்ந்த கட்டடங்களைக் கட்டக் குத்தகைக்கு விட்டால் பணம் வரும் என்பதை. அக்கட்டடங்களுக்கு வருவோர் நடக்கும் தெருவை யார் அகலப்படுத்துவது என்ற மறுபாதியை அது படிக்கவேயில்லை.

நடைபாதை வணிகரைப் பற்றியும் ஒரு சொல். நிலைய வாயிலில் நெருக்கம் என்றவுடன் அலுவலர் கண்ணுக்கு முதலில் தெரிபவர் பூக்கூடையுடன் அமர்ந்த மூதாட்டியே. வாயிலை அடைத்து நிற்கும் ஈருருளி வண்டிகள் தெரிவதில்லை. நடைபாதையில் நீட்டிக் கட்டிய பெருங்கடையின் படிகள் தெரிவதில்லை. கூட்டம் இருக்கும் இடத்தில்தான் சிறு வணிகம் வாழும். பாண்டிக்கடைத்தெருவில் அமர்ந்திருந்தோரை 2013இல் மாடிக் கட்டடத்துக்கு ஏற்றிப் பார்த்தனர். வாங்குவோர் படியேறி வராமையால் வணிகர் தெருவை நாடி மீண்டனர். 2014ஆம் ஆண்டு நாடாளுமன்றம் தெரு வணிகர் வாழ்வுரிமையைக் காக்கச் சட்டம் இயற்றிற்று. நல்ல சட்டம். அதன் முதற் பிரிவிலேயே ஒரு விலக்கு: தொடர்வண்டித் துறைக்கு உரிய நிலத்துக்கும் கட்டடங்களுக்கும் வண்டிகளுக்கும் இச்சட்டம் செல்லாது! மதிற்சுவருக்கு இப்பால் கால்மாறி அமர்ந்தால் வணிகருக்கு உரிமை உண்டு. அப்பால் அமர்ந்தால் இல்லை. கூட்டம் மிகுந்த அவ்வாயிலில், நடப்போர் வழி இது, அமர்வோர் இடம் இது எனக் கோடிட்டு ஒதுக்கினால் இருவருக்கும் இடம் உண்டு. மாம்பலத்துத் தெருவின் ஓரங்களை அளந்து பார்த்தால், பூக்கூடை கொண்ட இடம் எவ்வளவு, பெருங்கடைகள் கொண்ட இடம் எவ்வளவு என்பது வெளிப்படும்.

இவற்றையெல்லாம் ஒருங்கே பார்த்தற்கென்றே, சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் அமைக்க 2010ஆம் ஆண்டு சட்டம் இயற்றப்பெற்றது. அக்குழுமத்தின் முதற் கூட்டம் நடந்தது 2022ஆம் ஆண்டு! பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைத் தமிழர் அறிவர். பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் கூடும் குழுமத்தை அப்போதுதான் அறிந்தனர். எனினும் கூடியபின் சில நடந்தன. 2025 செப்தம்பரில், பேருந்துக்கும் இருவகைத் தொடர்வண்டிக்கும் ஒரே பயணச்சீட்டுப் பெறும் செயலி வந்தது. அதன் பெயரில் பாதி ஆங்கிலம். சென்னையில் ஓடும் ஒரு சீட்டுக்குத் தமிழில் பெயர் கிடைக்கவில்லை போலும். சீட்டு ஒன்றாகிவிட்டது, அச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கும் தெரு இன்னும் ஐந்து அலுவலகங்களின் கையில் உள்ளது.

சென்னைப் பெருநகரின் முதல் முழுமைத் திட்டம் 1970களிலும் இரண்டாவது 2008ஆம் ஆண்டும் வந்தன. மூன்றாவது, 2026 முதல் 2046 வரையுள்ள காலத்துக்கெனத் தீட்டத் தொடங்கப்பெற்றது. அதில் கேட்க வேண்டியது பெரிதன்று. ஒவ்வொரு நிலையத்தையும் சுற்றி அரைக் கிலோமீட்டர் வட்டத்தைத் தனி வட்டாரமாக்கி, அதற்கு ஒரே வரைபடமும், அவ்வரைபடத்துக்குப் பெயர் சொல்லத்தக்க ஒரே பொறுப்பாளரும் வேண்டும். அவ்வட்டத்துள் புதிய தளம் எழுப்ப எவர் கேட்பினும், நிலையப் படியும் தெருவும் கூடுதற் கூட்டத்தைத் தாங்குமா என்னும் கணக்கு எழுத்தில் காட்டப்பட வேண்டும். பேருந்து நிற்கும் இடம் நடைமேடைப் படியினின்று மழையில் நனையாமல் சென்றடையத்தக்கதாக இருத்தல் வேண்டும். தொடர்வண்டித் துறையின் கோட்ட அலுவலர் அக்குழுமத்தில் பெயரளவுக்கு அமராமல், படியையும் வாயிலையும் அங்கேயே முடிவு செய்யும் அதிகாரத்துடன் அமர வேண்டும். அதற்கு நடுவணரசின் சட்டத்தில் திருத்தம் வேண்டுமெனில் அதனைச் சட்டமன்றம் தீர்மானமாக இயற்றிக் கேட்க வேண்டும். வரைபடங்கள் தமிழில், அரங்கநாதன் தெருப் பூக்காரியும் படிக்கக் கேட்டு உணரும் தமிழில், அந்தந்த நிலையத்தின் வாயிலிலேயே ஒட்டப்பெற்று, கருத்துரைக்கப் போதிய நாள்கள் தரப்பட வேண்டும். மாம்பலம், கிண்டி, பரங்கிமலை, தாம்பரம் ஆகிய நான்கு நிலையங்களில் இதனைத் தொடங்கலாம். நான்கும் ஒரே தடத்தில் உள்ளவை. வாயிலும் படியும் எத்தனை அடி என்று அளந்து எழுத ஒரு நாளும், அளவுநாடா ஒன்றும் போதும்.